சிப் லேஅவுட் வரைபவரா? கிண்டிக்கு அலையாதீர்கள்

தரமணியிலும் சிறுசேரியிலும் ராத்திரி பகலாக சிப் லேஅவுட் (சிப்புக்குள் எந்தப் பாகம் எங்கே என்ற வரைபடம்) வரையும் பிள்ளைகள், கடைசியில் உரிமை இல்லாமல் நிற்பதை நிறையப் பார்த்தாயிற்று. சட்டம் இல்லாமல் இல்லை. லேஅவுட் வடிவமைப்புக்கென்றே 2000-இல் ஒன்று வந்தது. பதிவு செய்தால் 10 ஆண்டுப் பாதுகாப்பு. திருடினால் 3 ஆண்டு வரை சிறை. சட்டப் புராணம் இவ்வளவு போதும்.

முதல் அலைச்சல் கிண்டி. அங்குள்ள அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தில் காப்புரிமை, வணிகச் சின்னம், புவிசார் குறியீடு வரை உண்டு, லேஅவுட் கிடையாது. அதற்குத் தனிப் பதிவகம், டெல்லியில். ஏன் என்று கேட்காதீர்கள். எட்சிங் (சிலிக்கானை அரித்துச் செதுக்குவது) மாதிரி தயாரிப்பு முறையில் புதுசாக ஏதாவது கண்டுபிடித்திருந்தால் மட்டும் கிண்டி. அதிலும் ஒரு குழி: 31 மாதத்துக்குள் பரிசீலனை கேட்டு படிவம் 18 போடாவிட்டால், விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றதாகக் கணக்கு!

அடுத்தது, லேஅவுட் பதிவுக்கான கெடு தேதி. இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். "இன்னும் ஒரு சிப்கூட விற்கலையே சார்" என்பார்கள். விற்க வேண்டியதில்லை. நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் ஸ்டால் போட்டு, விற்பனைக்கென்று மேசையில் வைத்தாலே போதும், அன்றிலிருந்து 2 ஆண்டு. அதற்குள் விண்ணப்பிக்காவிட்டால் கதவு சாத்தியாயிற்று. முதலீடு வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

உரிமை யாருக்கு? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, வேலை கொடுத்தவருக்கு. ஃப்ரீலான்சில் வரைந்தாலும் அப்படித்தான். "நம்ம பசங்கதானே, அப்புறம் பேசிக்கலாம்" என்பார்கள். அப்புறம் பேச ஆள் கிடைக்காது. ஒர்க் ஆர்டரில் உரிமை உங்களுக்கே என்று ஒரு வரி எழுதி வாங்காமல் ஜிடிஎஸ் ஃபைலை (வரைந்த லேஅவுட் இருக்கும் ஃபைல்) அனுப்பாதீர்கள்.

ஃபவுண்ட்ரி (சிப் தயாரிக்கும் ஆலை) கொடுத்த ஸ்டாண்டர்ட் செல், எஸ்ரேம் பிளாக் மாதிரி ரெடிமேட் துண்டுகள் எல்லாம் உங்கள் படைப்பில்லை. அவற்றை நீங்கள் அடுக்கிய விதம் புதிதாக இருந்தால்தான் பேச்சு. பிராசஸ், அதாவது சிப் தயாரிக்கும் தொழில்நுட்பம், மாறினாலும் கவனம். ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசசர் சிப்கள் இன்டெலின் 22 நானோமீட்டர் ஃபின்ஃபெட் பிராசஸிலும் வந்தன, மொகாலியில் உள்ள அரசு சிப் ஆலையான எஸ்சிஎல்லின் 180 நானோமீட்டர் பிராசஸிலும் வந்தன. கட்டமைப்பு ஒரே குடும்பம், லேஅவுட் வேறு வேறு. நீங்களும் இப்படி மாற்றி வரைந்தால், பழைய பதிவே காப்பாற்றும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள், புதிதாக விண்ணப்பியுங்கள்.

ஸ்டால் ரசீது, முதல் இன்வாய்ஸ், டேப்-அவுட் மெயில் (முடித்த வடிவமைப்பைத் தயாரிப்புக்கு அனுப்பியது) மூன்றையும் தேதி தெரிய பிரிண்ட் எடுத்து வையுங்கள். தகராறு வந்தால் கேட்கப்போவது இவற்றைத்தான்.