மழை பெய்யாத இரவில் நனையும் கூடாரம்

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஐந்து நாள் மலைநடைக்காக, 5,000 மில்லிமீட்டர் நீர்த்தடுப்புத் திறன் கொண்டது என்று அச்சிட்டிருந்த கூடாரத்தை வாங்கினேன். இரண்டாம் நாள் பகல் முழுவதும் மழை. ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. அன்றிரவு மழை விட்டு வானம் வெளுத்து விண்மீன்கள் தெரிந்தன. விடிந்து பார்த்தால் கூடாரத்தின் உட்புறம் முழுவதும் நீர். தூக்கப்பையின் கால்மாடு ஊறிப்போயிருந்தது. மழைக்கு ஒழுகாத கூடாரம் மழையில்லாத இரவில் எப்படி ஒழுகும்? அடுத்த முறை எதைப் பார்த்து வாங்க வேண்டும்?"

அவருடைய கூடாரம் ஒழுகவில்லை என்பதே விடை. நானும் இப்படியொரு காலையில் தையல்களைக் குற்றம் சொல்லி, அடுத்த பயணத்துக்கு முன் அவற்றின் மீதெல்லாம் பசை பூசி, மறுபடியும் நனைந்த பிறகுதான் நீர் வந்த வழியைத் தேடத் தொடங்கினேன்.

முதலில் அந்த 5,000 என்ற எண்ணைப் பார்த்துவிடுவோம். துணியின் மேல் நீர்த்தூண் ஒன்றை நிறுத்தி, எவ்வளவு உயரத்தில் மறுபக்கம் நீர் கசிகிறது என்று அளப்பதுதான் அந்தச் சோதனை. சாய்ந்த கூரையில் விழுந்து வழிந்தோடும் மழை தரும் அழுத்தம் மிகக் குறைவு என்பதால், பூச்சு தேயாத கூரைத் துணிக்கு 1,500 முதல் 3,000 வரை இருந்தாலே பெரும்பாலும் போதும். தரைத்துணியின் நிலை வேறு. 70 கிலோ எடையுள்ளவர் மண்டியிடும்போது, ஒரு முழங்காலில் 35 கிலோ எடை சுமார் 50 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இறங்கினால், அந்த அழுத்தம் ஏழு மீட்டர் நீர்த்தூணுக்கு, அதாவது 7,000 மில்லிமீட்டருக்குச் சமமாகிறது. பெரிய எண்ணைத் தேடுவதாக இருந்தால் தரையில் தேட வேண்டும். விளம்பரங்களோ அதைக் கூரையில்தான் எழுதுகின்றன.

இனி அந்த நீருக்கு வருவோம். உறங்கும் மனிதர் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். எட்டு மணி நேரத்தில் அது மூன்று கனமீட்டர் ஆகிறது. வெளியேறும் ஒவ்வொரு கனமீட்டர் மூச்சும், உள்ளே போன குளிர்ந்த காற்றைவிடச் சுமார் 30 கிராம் கூடுதலான நீராவியைச் சுமந்து வருகிறது. மூச்சில் மட்டும் 90 கிராம். வியர்வை என்று நாம் உணராமலேயே தோல் வழியாக வெளியேறுவது அதைவிடக் குறையாது. இருவர் உறங்கினால் ஓரிரவில் கால் லிட்டருக்குமேல் நீர் கூடாரத்துக்குள் ஆவியாகிறது. 10 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று ஏந்தக்கூடிய நீராவியோ 9.4 கிராம்தான், மூன்று கனமீட்டர் கொள்ளளவுள்ள கூடாரத்தின் காற்று முழுவதும் சேர்ந்தாலும் 30 கிராமைத் தாங்காது. உள்ளே அடுப்பு மூட்டினால் நிலைமை இன்னும் கெடும்: 100 கிராம் பியூட்டேன் எரிந்தால் சுமார் 155 கிராம் நீர் பிறக்கிறது. உயிரைக் குடிக்கும் கார்பன் மோனாக்சைடும் பிறக்கலாம் என்பதால், அந்தப் பழக்கமே வேண்டாம்.

ஆனால், நீராவி இருப்பதனால் மட்டும் துணி நனைந்துவிடாது. துணியின் வெப்பநிலை காற்றின் பனிநிலைக்கு, அதாவது காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே இறங்க வேண்டும். சுற்றிலும் 10 டிகிரி காற்று இருக்கும்போது, அதே காற்றில் நிற்கும் துணி அதைவிடக் குளிர்ச்சியாவது எப்படி? இந்தக் கேள்வியில்தான் எனக்குச் சலிப்பே வருவதில்லை.

'பனி பெய்கிறது' என்று சொல்லும்போது, மழையைப்போல அதுவும் மேலிருந்து இறங்குவதாக நம் மொழியே எண்ணிக்கொள்கிறது. பனித்துளி வானிலிருந்து விழுகிறதா, நிலத்திலிருந்து எழுகிறதா என்ற நெடுநாள் வழக்கைத் தீர்த்தவர்களில் முதன்மையானவர் லண்டன் மருத்துவரான வில்லியம் சார்லஸ் வெல்ஸ். பத்து கிரெய்ன் (கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம் கொண்ட பழைய எடையலகு) எடையுள்ள கம்பளிப் பஞ்சுகளை இரவில் புல்வெளியில் வைத்து, காலையில் அவை எவ்வளவு நீரேறியிருக்கின்றன என்று எடைபோடுவது அவருடைய முறை. மேலே திறந்திருந்த ஒரு சுடுமண் உருளைக்குள் பஞ்சை வைத்தார். பனி மழையைப்போல நேராக விழுவதானால் உள்ளேயும் வெளியேயும் சமமாக நனைந்திருக்க வேண்டும், ஆனால் உள்ளிருந்தது மிகக் குறைவாகவே நனைந்தது. பிறகு ஓர் அட்டையை வீட்டுக் கூரைபோல மடித்து, இரு முனைகளையும் திறந்தபடி புல்வெளியில் நிறுத்தினார். ஒரு குட்டிக் கூடாரம் என்றே அதைச் சொல்லலாம். காலையில் கூரைக்கு அடியிலிருந்த பஞ்சின் எடை 2 கிரெய்னும், திறந்த வானைப் பார்த்துக் கிடந்த பஞ்சின் எடை 16 கிரெய்னும் கூடியிருந்தன.

பொருள்கள் வானத்தை நோக்கித் தம் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழப்பதால் காற்றைவிடக் குளிர்கின்றன என்றும், குளிர்ச்சிதான் முதலில் வருகிறது, அதன் விளைவாகவே பனித்துளி படிகிறது என்றும் அவர் 1814இல் எழுதினார். பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் ரம்ஃபோர்டு பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்தது ஓர் ஒப்புதல் வாக்குமூலம். தோட்டக்காரர்கள் இளஞ்செடிகளைக் குளிரிலிருந்து காக்க மெல்லிய பாயை விரிப்பதைப் பார்த்து, இவ்வளவு மெலிந்த பொருள் எதைத் தடுத்துவிடும் என்று அரைகுறை அறிவின் செருக்கில் தாம் நகைத்ததுண்டு என்று எழுதுகிறார். பின்னர் நான்கு குச்சிகளின் மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைக் கட்டி, அதன் அடியிலுள்ள புல் பக்கத்துப் புல்லைவிட வெதுவெதுப்பாக இருப்பதைத் தாமே அளந்து கண்டார். அறிவியல் பேசுவோர் எல்லாப் பழக்கத்தையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடும்போது இந்த வரி எனக்கு நினைவுக்கு வரும். பழக்கம் சரியா என்பதையும், அதற்குச் சொல்லப்படும் காரணம் சரியா என்பதையும் தனித்தனியே அளக்க வேண்டியிருக்கிறது.

இன்றைய சொற்களில் கூறினால், 10 டிகிரியில் இருக்கும் துணி ஒரு சதுர மீட்டருக்கு 360 வாட்டுக்கு நெருக்கமான ஆற்றலை அகச்சிவப்புக் கதிராக வெளியேற்றக்கூடியது. மேகம் மூடியிருந்தால் ஏறக்குறைய அதே அளவு திரும்பி வரும். வானம் தெளிந்திருந்தால், 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களுக்கு வளிமண்டலம் ஒரு சாளரம்போலத் திறந்துகிடப்பதால், கணிசமான பங்கு விண்வெளிக்கே போய்விடும். நிகர இழப்பைச் சதுர மீட்டருக்கு 70 வாட் என்று வைத்துக்கொள்வோம். கூடாரத் துணியின் எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிராம். அதை ஒரு டிகிரி குளிர்விக்க 85 ஜூல் அளவுக்கு வெப்பம் வெளியேறினால் போதும். ஆகவே, தடுக்க எதுவும் இல்லாவிட்டால், ஒரு விநாடியைச் சற்றே தாண்டிய நேரத்தில் துணி ஒரு டிகிரி குளிர்ந்துவிடும்! சுற்றியுள்ள காற்று தன் வெப்பத்தைத் துணிக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பதால்தான் சில டிகிரி இறக்கத்தோடு அது நிற்கிறது. காற்று வீசினால் இறக்கம் குறையும். காற்று ஓய்ந்தால் கூடும். இரவுக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காடாக இருந்தால், 10 டிகிரியில் அதன் பனிநிலை 8.4 டிகிரி. ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் இறங்கினாலே துணியில் நீர் படியத் தொடங்கிவிடும்.

மாறும் வானிலையின் சிக்கல் இதில்தான் இருக்கிறது. பகல் மழை நிலத்தையும் காற்றையும் ஈரமாக்கி வைக்க, இரவில் மேகம் விலகிக் காற்றும் அடங்கினால், கூடாரம் நனைவதற்கான எல்லாச் சூழலும் ஒருங்கே அமைந்துவிடுகிறது. வெளிக்காற்றின் பனிநிலைக்கே கீழே துணி இறங்கிவிட்டால், எவ்வளவு காற்றோட்டம் இருந்தாலும் பயனில்லை. ஆளில்லாத வெறுங்கூடாரம்கூட இருபுறமும் நனையும். 'உள்ளே நீர் படியவே படியாது' என்று விற்கப்படும் எந்தக் கூடாரமும் இயற்பியலை மீற முடியாது. அதனால் காற்றோட்டம் வேண்டாம் என்று ஆகிவிடாது: மேலே ஒரு துவாரமும் கீழே தரையோர இடைவெளியும் இருந்தால், வெதுவெதுப்பான ஈரக்காற்று தானே மேலேறி வெளியேறி, நம் மூச்சின் பங்கையாவது குறைக்கும். மழை நேரத்திலும் திறந்து வைக்கக்கூடிய, மேல்மடிப்புள்ள துவாரமா என்பதைக் கடையிலேயே பார்க்க வேண்டும்.

நீர் படிவதைத் தடுக்க முடியாதபோது, அது எங்கே படிய வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் வடிவமைப்பின் வேலை. வெளித்துணிக்கு அடியில் தனி உள்கூடாரமும் உள்ள இரட்டைச் சுவர்க் கூடாரத்தில், வெளித்துணி வானத்தைப் பார்த்துக் குளிர்கிறது. உள்கூடாரமோ வானத்தைப் பார்ப்பதில்லை, வெளித்துணியைத்தான் பார்க்கிறது. வெல்ஸின் கைக்குட்டைக்கு அடியிலிருந்த புல்லைப்போல அது வெதுவெதுப்பாகவே நிற்க, நீர் வெளித்துணியில் படிந்து, சரிவில் வழிந்து, வெளியே இறங்குகிறது. ஒற்றைச் சுவர்க் கூடாரம் எடை குறைந்தது, உலர்ந்த காற்றுள்ள இடங்களுக்கு நல்லது. பல நாள் ஈரத்தில் நடப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்கூடாரம் முழுவதும் கொசுவலையாக இருந்தால் காற்றோட்டம் நன்றாக இருக்கும், ஆனால் காற்று உலுக்கும்போது வெளித்துணியின் துளிகள் முகத்தில் தெறிக்கும். கீழ்ப்பாதி துணியும் மேற்பாதி வலையுமாக இருப்பது என் தேர்வு.

இரு சுவர்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி இரவு முழுவதும் நிலைக்க வேண்டும். நைலான் இழை நீரை உறிஞ்சி நீள்வதால், மாலையில் விறைப்பாகக் கட்டிய வெளித்துணி நள்ளிரவில் தொய்ந்து உள்கூடாரத்தைத் தொடலாம். தொட்ட இடத்தில் நீர் உள்ளே ஊடுருவும். பாலியெஸ்டர் மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் தொய்வதில்லை. அதே எடையில் நைலானின் வலிமை அதற்கு இல்லை. நைலானை வாங்கினால், உறங்கப் போகுமுன் இழுகயிறுகளை ஒருமுறை இறுக்குவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எழுதியவரின் தூக்கப்பை கால்பக்கம் நனைந்ததற்கும் இப்படிப்பட்ட தொய்வோ, நீளம் போதாத உள்கூடாரமோதான் காரணமாக இருக்கும். படுத்த உயரத்தைவிட 30 சென்டிமீட்டராவது கூடுதல் நீளம் வேண்டும்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும்; விநாடிக்கு 20 மீட்டர் வேகக் காற்று, தன்னை நேராக எதிர்த்து நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 25 கிலோ எடைக்கு ஈடாகத் தள்ளுகிறது. வளைகம்பிகள் ஒன்றையொன்று பல இடங்களில் வெட்டிச் செல்லும் கூடாரத்தில் கம்பியின் தாங்கலற்ற நீளம் குறைகிறது. அது பாதியானால் நெளிந்து முறிவதை எதிர்க்கும் திறன் நான்கு மடங்கு கூடும். மரமில்லாத உயர்ந்த முகட்டில் தங்குவதாக இருந்தால் இந்த வகை ஏற்றது. காட்டோரப் பாதையில் அது வீண் சுமை. மழையிலேயே கூடாரம் அடிக்க நேரும் என்பதால், வெளித்துணியை முதலில் நிறுத்தி அதற்கடியில் உள்கூடாரத்தைத் தொங்கவிடும் அமைப்பையும், ஈரக்காலணிகளை வைக்க வாசல் முன்றிலையும் நான் வலியுறுத்துவேன்.

வெல்ஸ் கண்டதற்குச் சரியாக இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 2014இல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று அதே வானச் சாளரத்தைப் பயன்படுத்தி, நேர் வெயிலிலும் சுற்றுக்காற்றைவிட 4.9 டிகிரி குளிர்ந்து நிற்கும் ஒரு பரப்பை மின்சாரமின்றி உருவாக்கிக் காட்டியது. புல்வெளியில் பஞ்சை எடைபோடுவதற்கு இன்று ஒருவர் நிதி கேட்டால், உடனடிப் பயன் என்ன என்ற கட்டத்திலேயே அந்த விண்ணப்பம் நின்றுவிடும் என்றுதான் அஞ்சுகிறேன்.

எழுதிய வாசகர் புதுக் கூடாரம் வாங்கத்தான் வேண்டுமா? அவருடையது இரட்டைச் சுவர் எனில், முதலில் இடத்தை மாற்றிப் பார்க்கலாம். குளிர்ந்த காற்று வந்து தேங்கும் பள்ளத்தையும் நீர்க்கரையையும் தவிர்த்து, சரிவில் சற்று மேலே, இடி மின்னல் இல்லாத இரவானால், பட்ட கிளைகள் இல்லாத மரங்களின் நிழற்பரப்பில் கூடாரத்தை அடித்தால், வானத்துக்குப் பதிலாக இலைகள் மேலே நின்று வெப்பத்தைத் திருப்பித் தரும். காலையில் வெளித்துணியின் உட்புறத்தை ஒரு துண்டால் துடைத்து, உள்கூடாரத்தோடு சேர்க்காமல் தனிப்பையில் கட்டிக்கொண்டு, நண்பகலில் நிற்கும் இடத்தில் சற்று நேரம் வெயிலில் விரித்தால் போதும். அவ்வளவு மெல்லிய துணி எளிதில் குளிர்ந்ததைப்போலவே எளிதில் காய்ந்தும் விடும்.