டீயில் சர்க்கரை இல்லை, சரி, பாட்டிலில்?

சுகர் கூடிப்போய் வருபவர்களிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், எங்கள் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் பதில் ஒப்பித்த மாதிரி வரும். "காலையில ரெண்டு இட்லி, மதியம் ஒரு கப் சாதம், ராத்திரி சப்பாத்தி. டீயில சக்கரையே கிடையாது சார்." யாரும் பொய் சொல்வதில்லை. கூல்டிரிங்க்ஸைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கும் பழக்கம் நமக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு அம்மா, மாத்திரையைத் தவறாமல் போடுபவர். அப்படியும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c அளவு 9-க்குக் கீழே இறங்கவில்லை. மருந்தைக் கூட்டுவதற்கு முன், "வெயிலுக்கு என்னம்மா குடிக்கிறீங்க?" என்று கேட்டேன். "ஷிப்ட் முடிஞ்சா ஒரு மேங்கோ ஜூஸ். பழம்தானே சார்?" காலி பாட்டில் பையிலேயே இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தது. பாட்டில் 250 மில்லி. ஆக 32 கிராமுக்கு மேல், அதாவது ஆறு ஸ்பூனுக்கும் அதிகம். டீயில் விட்டதெல்லாம் பாட்டில் வழியாகத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

கோலா வகைகளில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் இருக்கும். இப்படிச் சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு. 600 மில்லி பாட்டில் ஒன்று போதும், அதைத் தாண்டிவிட.

இவ்வளவு சர்க்கரையும் மென்று தின்கிற பொருளாக இருந்தால் பாதியிலேயே திகட்டிவிடும். குடிக்கும்போது வயிறு நிறைந்ததாகவே தெரியாது; அடுத்த வேளைச் சோறு ஒரு பிடிகூடக் குறையாது. அந்தச் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ் என்ற வகை. அதன் பெரும்பங்கு ஈரலுக்குப் போகிறது. மிஞ்சினால் ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றும். ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்ததும், "எனக்குக் குடிப்பழக்கமே இல்லையே!" என்று பதறுபவர்களிடம் நான் அடுத்துக் கேட்பது கலர், அதாவது கூல்டிரிங்க்ஸ் பற்றித்தான். தினமும் ஒன்றிரண்டு குடிப்பவர்களுக்கு, அரிதாகக் குடிப்பவர்களைவிட, இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 26 சதவீதம் அதிகம் என்று 2010-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது.

பிரியாணிக்கு அப்புறம் கூல்டிரிங்க்ஸ் குடித்தால் ஜீரணமாகும் என்பது எங்கள் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஏப்பம் வருவது உண்மைதான். ஆனால் வெளியே வருவது நீங்கள் அப்போதுதான் விழுங்கிய கேஸ். பிரியாணி இருந்த இடத்திலேயே இருக்கிறது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது இன்னும் கூடும்.

எனக்குப் பெரிய கவலை வெயில்தான். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் 40 டிகிரி சாதாரணம், தாகமும் சாதாரணம். அதனால் சுகர் ஏறி வரும் தாகத்தையும் வெயில் தலையில் கட்டிவிடுகிறோம். தாகத்துக்குக் கலர், கலரால் சுகர், சுகரால் அடிக்கடி சிறுநீர், மறுபடி தாகம். ராத்திரியில் பல தடவை எழுந்து போகிறீர்கள், எடையும் குறைகிறது என்றால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வெயிலுக்குத் தண்ணீர் போதும். மோர் கரைத்த கேழ்வரகுக் கூழ் தள்ளுவண்டியிலேயே கிடைக்கிறது. சுகர் உள்ளவர்கள் அதையும் சாப்பாட்டுக் கணக்கில் வையுங்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் கூல்டிரிங்க்ஸ் கூடவே கூடாது. போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கொடுக்கும் ஓஆர்எஸ் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், கூடவே அளவான உப்பு. கூல்டிரிங்க்ஸில் லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை. அது குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கைக் கூட்டும். அட்டை டப்பாவில் ஓஆர்எஸ் பெயரோடு இனிப்புப் பானங்களும் விற்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத எதிலும் அந்தப் பெயர் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு போட்டது. பாக்கெட் பொடியாகவே வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள்.

ஒரே ஒரு சமயத்தில் நானே கூல்டிரிங்க்ஸ் குடிக்கச் சொல்வேன். இன்சுலின் போடுபவருக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, சுகர் 70-க்குக் கீழே போனால், நினைவோடு இருக்கும்போதே அரை டம்ளருக்குச் சற்று மேல், சுமார் 150 மில்லி கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. டயட் என்று எழுதிய பாட்டில் இதற்கு உதவாது, அதில் சர்க்கரை இல்லை.