கேஜ் 200 காட்டும், கிலோ ஏன் குறைகிறது?

வாடகைக் கார் ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் வண்டியில் இருப்பது 60 லிட்டர் சி.என்.ஜி. சிலிண்டர். கிட்டத்தட்ட காலியான பிறகுதான் பங்க்குக்குப் போவேன். சில நாள் எட்டரை கிலோ ஏறுகிறது, சில நாள் ஏழரையோடு நின்றுவிடுகிறது. ரெண்டு நாளும் கேஜ் 200-ஐத்தான் காட்டுகிறது. ராத்திரி நிரப்பி நிறுத்திய வண்டியைக் காலையில் பார்த்தால் முள் 170-க்கு இறங்கியிருக்கிறது. பங்க்கில் ஏமாற்றுகிறார்களா, சிலிண்டர் கசிகிறதா?"

பெரும்பாலும் இரண்டும் இல்லை. கசிவு என்றால் முள் ஓரிடத்தில் நிற்காது, நிறுத்தி வைத்த வண்டியில் நாள் போகப் போக இறங்கிக்கொண்டே இருக்கும். அதோடு, சி.என்.ஜி.யின் பெரும் பகுதியான, வாசனையே இல்லாத மீத்தேனில் வேண்டுமென்றே ஒரு நாற்ற வேதிப்பொருளைக் கலந்துதான் விற்கிறார்கள், மூக்கே சொல்லிவிடும். சந்தேகம் இருந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். ஒரே இரவில் கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றுவிட்டால் அது வேறு கதை.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சி.என்.ஜி. பங்க்கில் இருக்கும் கருவி லிட்டரையும் அளப்பதில்லை, அழுத்தத்தையும் விற்பதில்லை. அதற்குள் வளைந்த குழாய்கள் சீராக அதிர்ந்துகொண்டிருக்கும். எரிவாயு பாயும்போது அதன் நிறைக்கு ஏற்ப அந்த அதிர்வில் மிகச் சிறிய முறுக்கு விழும். அந்த முறுக்கை அளந்துதான் கிலோ கணக்கிடப்படுகிறது. சரியாகப் பராமரிக்கப்படும் கருவி என்றால், ஏழரை கிலோ ஏறிய நாளில் ஏழரை கிலோவுக்குத்தான் நீங்கள் காசு கொடுத்தீர்கள். பணம் போகவில்லை. போனது தூரம். ஒரு கிலோ குறைந்தால் ஒரு சவாரி குறையும், மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

அந்த ஒரு கிலோ எங்கே போகிறது?

சி.என்.ஜி. என்பது பெரும்பாலும் மீத்தேன். சாதாரண அழுத்தத்தில் ஒரு கன மீட்டர் மீத்தேன் முக்கால் கிலோகூடத் தேறாது. அதைக் காரின் டிக்கியில் அடக்க வேண்டுமானால் நெருக்கித்தான் ஆகவேண்டும். நம் நாட்டில் வண்டிகளுக்கு வைத்திருக்கும் வரம்பு 200 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு. அப்படி நெருக்கியும், ஒரு லிட்டர் இடத்தில் அடங்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் நாலில் ஒரு பங்குதான். அதனால்தான் சி.என்.ஜி. காரில் ஒவ்வொரு கிலோவும் முக்கியமாகிறது.

இனி சிலிண்டருக்குள் போவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பங்க்கில் எரிவாயு 250 பார் வரையிலான அழுத்தத்தில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். குழாயை மாட்டித் திறந்ததும் அது உங்கள் சிலிண்டருக்குள் பாய்கிறது. பாயும் எரிவாயுவில் ஒரு சிறு துண்டை மட்டும் பிரித்துப் பாருங்கள். அதற்குப் பின்னால் இருக்கும் எரிவாயு அதை முன்னே தள்ளுகிறது. தள்ளுவது என்றால் வேலை செய்வது, வேலை செய்தால் ஆற்றல் கைமாறும். திறந்த குழாயில் என்றால் இந்தத் துண்டு தனக்கு முன்னால் இருப்பதைத் தள்ளி, வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடும். வரவும் செலவும் சரியாகிவிடும். சிலிண்டரோ மூடிய பாத்திரம். உள்ளே போன துண்டு பின்னாலிருந்து தள்ளு வாங்குகிறது, ஆனால் எதையும் வெளியே தள்ள அதற்கு வழியில்லை. வாங்கிய வேலை முழுவதும் உள்ளேயே தங்கி, மூலக்கூறுகளின் வேகமாக மாறுகிறது. மூலக்கூறுகள் வேகமெடுப்பதைத்தான் நாம் சூடு என்கிறோம்.

எவ்வளவு சூடாகும் என்பதற்கு அழகான ஒரு விடை உண்டு. முற்றிலும் காலியான சிலிண்டர், சுவர் வழியே சூடு வெளியேறவே இல்லை, எரிவாயுவும் பாடப்புத்தகத்தில் வரும், மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்காத இலட்சிய வாயு என்று வைத்துக்கொண்டால், உள்ளே சேரும் எரிவாயுவின் கெல்வின் வெப்பநிலை அதன் இரு வெப்ப ஏற்புத்திறன்களின் (ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம்: அழுத்தத்தை மாறாமல் வைத்தால் ஒன்று, கன அளவை மாறாமல் வைத்தால் இன்னொன்று) விகிதத்தால் பெருக்கப்படும். மீத்தேனுக்கு அந்த விகிதம் சுமார் 1.3. வெளியே 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின் என்றால், உள்ளே 390 கெல்வின், அதாவது 117 டிகிரி! தண்ணீர் கொதிக்கும் நிலையையும் தாண்டிவிட்டது. எங்கும் நெருப்பு இல்லை, உராய்வை நாம் கணக்கில் சேர்க்கவே இல்லை. இன்னொரு அதிசயம், இந்த விடையில் அழுத்தம் என்ற பேச்சே இல்லை. 50 பாரில் தள்ளினாலும் 250 பாரில் தள்ளினாலும் அதே 1.3 மடங்குதான். கல்லூரியில் இந்தச் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்து, அழுத்தம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போவதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

நிஜ சிலிண்டரில் 117 டிகிரி வராது. காலியாகவே 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள எஃகுச் சுவர் சூட்டில் பெரும் பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். முன்பே மிச்சமிருக்கும் எரிவாயுவும் கணக்கை மாற்றும். இன்னொரு பக்கம், நேர் எதிரான விளைவு ஒன்றும் நடக்கிறது. மீத்தேன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாக ஈர்ப்பவை. 250 பாரிலிருந்து காலி சிலிண்டரின் குறைந்த அழுத்தத்துக்கு வரும்போது அவை விலகிப் போக வேண்டும், ஈர்ப்பை மீறி விலக ஆற்றல் வேண்டும், அந்த ஆற்றலைத் தங்கள் வேகத்திலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. எனவே காலி சிலிண்டரில் எரிவாயு ஏறும் முதல் சில கணங்களில் வெப்பநிலை இறங்கக்கூடும். அப்புறம் உள்ளே அழுத்தம் ஏற ஏறக் குளிர்ச்சி தளர்ந்துவிடும், தள்ளுவேலையின் சூடு மேலோங்கிவிடும். இதே குளிர்ச்சியை இன்னொரு இடத்திலும் பார்க்கலாம். எஞ்சினுக்குப் போகும் வழியில் ரெகுலேட்டர் 200 பாரைச் சில பாராகக் குறைக்கும் இடத்தில் குளிர் அதிகமாகி உறைபனி கட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் கார்களில் எஞ்சினைச் சுற்றிவரும் சூடான கூலண்ட் நீரை ரெகுலேட்டர் வழியாகவும் விடுகிறார்கள். ஒரே வண்டி, ஒரே எரிவாயு, ஏறும்போது சூடு, இறங்கும்போது குளிர்.

வாசகரின் சிலிண்டருக்கு வருவோம். அழுத்தம் இரு மடங்கானால் கன அளவு பாதியாகும் என்ற பாயில் விதிப்படி கணக்குப் போட்டால், 27 டிகிரியில் 200 பாரில் 60 லிட்டருக்குள் 7.7 கிலோ மீத்தேன்தான் அடங்கவேண்டும். ஆனால் உண்மையில் சுமார் 9 கிலோ அடங்கும். மூலக்கூறுகளின் ஈர்ப்பு அவற்றை இன்னும் நெருங்க வைப்பதால் கிடைக்கும் கூடுதல் அது. இப்போது வேகமாக நிரப்பியதில் உள்ளே 60 டிகிரி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூடிய மூலக்கூறுகள் சுவரை அதிகமாக மோதும், குறைந்த எடையிலேயே 200 பார் வந்துவிடும், கருவி நிறுத்திவிடும். அப்போது உள்ளே இருப்பது எவ்வளவு? மறுபடியும் ஏறக்குறைய 7.7 கிலோ. ஈர்ப்பு கொடுத்ததைச் சூடு அப்படியே பிடுங்கிக்கொண்டது!

இரவில் சிலிண்டர் ஆறி 30 டிகிரிக்கு வந்ததும், அதே 7.7 கிலோ இப்போது 170 பார் அழுத்தத்தைத்தான் கொடுக்கும். காலையில் கேஜ் காட்டியது அதைத்தான். ஒரு கிராம்கூட எங்கும் போகவில்லை.

எட்டரை கிலோ ஏறிய நாள்களில் என்ன நடந்திருக்கும்? ஒன்று, கூட்டம் அதிகமாக இருந்து, எரிவாயு மெதுவாக ஏறியிருக்கும், சுவர் வழியே சூடு இறங்க நேரம் கிடைத்திருக்கும். இல்லையென்றால் நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டிச் சிலிண்டரைக் காலி செய்துவிட்டு நேராக பங்க்குக்கு வந்திருப்பார். எரிவாயு வெளியேறும்போது மிச்சமிருப்பது விரிந்து குளிரும், குளிர்ந்த சிலிண்டர் அதிகம் வாங்கும். விடியற்காலையில் நிரப்பினால் அதிகம் ஏறும் என்று ஓட்டுநர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிலிண்டரும் வெளிக்காற்றும் குளிர்ந்திருக்கும் நேரம் அது. வண்டியைக் குலுக்கினால் இன்னும் கொஞ்சம் ஏறும் என்பதற்கு மட்டும் எந்த அடிப்படையும் கிடையாது. மீத்தேன் சிலிண்டர் முழுக்கப் பரவியிருக்கும் வாயு, குலுக்கிப் படிய வைக்க அங்கே ஒன்றும் இல்லை.

சி.என்.ஜி.யை நாட்டில் பரப்பிய வரலாற்றில் வரிசைக்குத் தனி இடம் உண்டு. தில்லியின் காற்று மாசு தொடர்பாக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம், தில்லியின் பேருந்துகள் எல்லாம் 2001 மார்ச் 31-க்குள் சி.என்.ஜி.க்கு மாறவேண்டும் என்றது. கெடு தள்ளிப்போனது, 2002 ஏப்ரலில் டீசல் பேருந்துகளுக்கு நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்ற உத்தரவு வந்தது, அந்த ஆண்டு டிசம்பரில் மாற்றம் முடிந்தது. நடுவில் ஆட்டோ ஓட்டுநர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். போதுமான நிலையங்கள் இல்லாதது முதல் காரணம். வண்டிகள் வரிசையாக வாங்கிக்கொண்டே இருந்தால் நிலையத்தின் சேமிப்பு அழுத்தமே இறங்கிவிடுவது அடுத்த காரணம், அப்போது பாதி ஏறியதுமே பாய்ச்சல் தளர்ந்துவிடும். பாதி நிறைந்த வண்டி சீக்கிரம் திரும்பி வரும், வரிசை இன்னும் நீளும். அமெரிக்காவில் குப்பை லாரிகளையும் பள்ளிப் பேருந்துகளையும் இரவு முழுக்க மாட்டிவைத்து மெதுவாக நிரப்பும் நிலையங்கள் உண்டு, அங்கே சூட்டுப் பிரச்சினை பெரிதாக எழுவதில்லை. நாள் வாடகைக்கு ஆட்டோ ஓட்டுபவருக்கு அந்த வசதி இல்லை.

2024 ஜூலையில் பஜாஜ் சி.என்.ஜி. மோட்டார் சைக்கிளையும் கொண்டுவந்துவிட்டது, சீட்டுக்கு அடியில் 2 கிலோ கொள்ளும் சிலிண்டரோடு. இவ்வளவு சிறிய சிலிண்டரில் 15 விழுக்காடு குறைவது ஓட்டுபவருக்கு நன்றாகவே தெரியும். எடை குறைக்கப் பிளாஸ்டிக் உள்ளுறையும் கார்பன் இழையும் கொண்ட சிலிண்டர்களுக்குப் போனால் சூடு வெளியேறுவது இன்னும் கடினம், பிளாஸ்டிக் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆனாலும் சி.என்.ஜி. விளம்பரங்கள் கிலோமீட்டருக்கு எத்தனை பைசா மிச்சம் என்பதோடு நின்றுவிடுகின்றன. ஓட்டுநர்களிடம் இந்தச் சூட்டைப் பற்றியும் சொல்லிவிடுவதுதான் நேர்மை என்பேன். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: எரியாமல் கசியும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 25 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும். இணைப்புகளைச் சரியாக வைத்திருந்தால்தான் இந்த எரிபொருளால் சூழலுக்கு நன்மை.

200 பார் இல்லாமலே மீத்தேனை அடக்க ஒரு வழி இருக்கிறது. சிலிண்டருக்குள் கிளர்வுற்ற கரியை (ஆக்டிவேட்டட் கார்பன்) நிரப்பிவிட்டால், அதன் நுண்துளைகளின் சுவரில் மீத்தேன் ஒட்டிக்கொள்ளும். 35 பார் அளவிலேயே கணிசமாக அடங்கும், அழுத்தம் குறைவாக இருந்தால் கனமான எஃகுச் சுவரும் வேண்டாம். அந்தக் கரிக்கு நல்ல மூலப்பொருள்களில் ஒன்று தேங்காய்ச் சிரட்டை. காங்கேயம் பக்கம் சிரட்டைக் கரி சுடும் தொழில் நன்றாகவே நடக்கிறது, கிளர்வுற்ற கரி தமிழ்நாட்டிலிருந்து ஏற்றுமதியும் ஆகிறது. ஆனால் மீத்தேன் கரியில் ஒட்டும்போதும் வெப்பம் வெளிவருகிறது, கரியோ வெப்பத்தை லேசில் கடத்தாது, சூடான கரியில் மீத்தேன் ஒட்டுவதும் குறைகிறது. வண்டியை ஐந்து நிமிடத்தில் நிரப்பி அனுப்பவேண்டும் என்றால் அந்தச் சூட்டை வெளியே எடுக்க ஒரு மலிவான வழியைக் கண்டுபிடித்தாக வேண்டும். புதிய பங்க்குகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கை நம் பொறியியல் கல்லூரிகளின் வெப்பவியல் ஆய்வகங்களுக்கு இந்த ஒரு கேள்விக்காகவே ஒதுக்கலாம். கரி இங்கேயே இருக்கிறது, வெப்பவியல் படித்த பிள்ளைகளும் இங்கேயே இருக்கிறார்கள்.