மீன் குட்டை வெட்டும் முன்: கெளுத்தித் தடையும் ஜிலேபி அனுமதியும்

ஆறு மாதம் தீவனம் போட்டு, விற்கப் போகிற நேரத்தில் அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். குட்டையை வடித்து, மீனைக் குழியில் கொட்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறார்கள். நஷ்ட ஈடு கேட்டால், தடை செய்யப்பட்ட மீனுக்கு ஏது நஷ்ட ஈடு என்று பதில் வருகிறது. குஞ்சு விற்றவரோ போனையே எடுப்பதில்லை. நகையை அடகு வைத்து மீன் வளர்க்க இறங்கியவர்கள் இப்படி நிற்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் குஞ்சு பொரிக்கவும் வளர்க்கவும் மத்திய அரசு 2000-லேயே தடை போட்டது. 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் இதில் உத்தரவு போட்டது. வளர்த்தால் அழிக்கப்படும், அரசு மானியமும் கிடைக்காது என்று மாவட்ட ஆட்சியர்கள் அவ்வப்போது பத்திரிகைச் செய்தி விடுகிறார்கள். அந்தச் செய்தி குட்டை வெட்டுகிறவர் கையில் போய்ச் சேருகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

தடைக்குக் காரணம் இருக்கிறது. இந்த மீன் காற்றைச் சுவாசிக்கும். ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த நீருக்குப் போய்விடும். மற்ற மீன் செத்து மிதக்கும் சாக்கடையிலும் பிழைக்கும். மீன், தவளை, நத்தை என்று அகப்பட்டதைத் தின்னும். ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் இது பெருகி, பிடித்துப் பிடித்து அகற்ற வேண்டியதாயிற்று. ஒரு ஐப்பசி மழையில் உங்கள் கரை உடைந்தால் போதும், கண்மாயில் இருக்கிற அயிரையும் குரவையும் விரால் குஞ்சும் அதன் வாய்க்குள் போகும். நாட்டுக் கெளுத்தியோடு கலந்து கலப்பினமும் உண்டாகலாம். அப்புறம் அசல் நாட்டு மீன் எது என்று பிரிக்கவே முடியாது. 2018 கேரள வெள்ளத்தின்போது வளர்ப்பு மீன்கள் ஆற்றுக்குப் போய், அமேசான் மீனான அரபைமா வரைக்கும் மீனவர்கள் வலையில் விழுந்தது. அதனால் தடையில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. அதைச் செயல்படுத்தும் விதம்தான் கோளாறு. குஞ்சு பொரிக்கிறவனை விட்டுவிட்டு, கடைசியில் வாங்கியவன் குட்டையில் வந்து நிற்கிறார்கள்.

விற்பவர்கள் இதை ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று சொல்லி விற்பதில்லை. ‘ஹைபிரிட் தேளி’, ‘தாய்லாந்து கெளுத்தி’ என்று ஏதாவது ஒரு பெயர் வைப்பார்கள். ரசீது கேட்டால் ‘கெளுத்தி குஞ்சு’ என்று மட்டும் எழுதித் தருவார்கள். இந்த ஒற்றைச் சொல்லில்தான் பலர் மாட்டுகிறார்கள். பங்காசியஸ் என்கிற வளர்ப்பு மீனையும் கெளுத்தி என்றே சொல்கிறார்கள், அதற்கு விதிமுறைகளோடு அனுமதி உண்டு. ஒரு குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து வால் வரைக்கும் முதுகில் ஒரே நீளத் துடுப்பு ஓடி, வாயைச் சுற்றி நான்கு ஜோடி மீசை இருந்தால் அது பங்காசியஸ் இல்லை. பங்காசியஸுக்கு முதுகுத் துடுப்பு குட்டையானது, மீசை இரண்டு ஜோடிதான்.

நாட்டுக் கெளுத்தியா ஆப்பிரிக்கனா என்பதைக் குஞ்சில் கண்ணால் பிரிப்பது கஷ்டம். வளர்ச்சியைக் கேளுங்கள். நாட்டுக் கெளுத்தி நூறு கிராம் தாண்டவே எட்டு, பத்து மாதம் ஆகும். ஆறு மாதத்தில் ஒரு கிலோ என்று யாராவது ஆசை காட்டினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கோழிக் கழிவு போட்டாலே போதும் என்பதும் அதே ஆளின் அடுத்த வாக்கியமாக இருக்கும்.

சரி, ஜிலேபி, அதாவது திலேப்பியா மீன்? இங்கேதான் குழப்பம் அதிகம். ஊர் ஏரிகளில் இருக்கும் பழைய ஜிலேபி 1952-ல் அரசு ஆராய்ச்சி நிலையத்தின் வழியாகவே இந்தியாவுக்கு வந்தது. அமராவதி அணை மாதிரியான இடங்களில் அது பெருகி ஆதிக்கம் செய்த கதை மீன்வளத் துறைக்கு நன்றாகவே தெரியும். அன்றைக்கு யாரும் யாரிடமும் அனுமதிச் சீட்டு கேட்கவில்லை. இன்றைக்கு நீங்கள் கிஃப்ட் திலேப்பியா என்கிற மேம்படுத்தப்பட்ட ஜிலேபி ரகத்தை வளர்க்க வேண்டுமென்றால் மீன்வளத் துறையில் பண்ணையைப் பதிவு செய்து, அனுமதி வாங்கி, அங்கீகாரம் பெற்ற பொரிப்பகத்தில்தான் குஞ்சு எடுக்க வேண்டும். அதுவும் ஒற்றைப் பால், அதாவது ஆண் குஞ்சு மட்டும். ‘கிஃப்ட்’ என்று பலகை வைத்தவர்கள் எல்லோரும் அங்கீகாரம் பெற்றவர்கள் இல்லை. அங்கீகாரக் கடிதத்தின் நகலை வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.

ஆண் குஞ்சு மட்டும் என்றாலும் நம்பிக் கரையைச் சும்மா விட்டுவிடக் கூடாது. குஞ்சுப் பருவத்தில் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்துத்தான் ஆணாக்குகிறார்கள். சில பெண் தப்பிவிடும். ஜிலேபி மூன்று, நான்கு மாதத்திலேயே முட்டைக்கு வந்துவிடும். ஆய்வுக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது இதைத்தான்: வடிகால் குழாயில் குஞ்சும் நுழைய முடியாத கண்ணி வலை இருக்கிறதா, கரை வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, பக்கத்தில் ஓடையோ ஏரியோ இருக்கிறதா. ஏரிக்கு ஒட்டின பட்டா நிலத்தில் குட்டை வெட்டப் போகிறீர்கள் என்றால் வெட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வெட்டிய பிறகு ‘இடம் உகந்ததல்ல’ என்று எழுதிவிட்டால் குழி மட்டும்தான் மிஞ்சும்.

அனுமதிக்கப்பட்ட மீனுக்கு மானியம் உண்டு. பிரதம மந்திரி மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் புதிய குளம் வெட்ட ஹெக்டேருக்கு 7 லட்சம் ரூபாய் செலவு என்று கணக்கிட்டு, பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் தருகிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முதலில் மொத்தப் பணத்தையும் நீங்கள் போட வேண்டும், மானியம் பின்னால்தான் வரும். எப்போது வரும் என்று அலுவலகத்தில் கேட்டால் ‘நிதி வந்ததும்’ என்பார்கள். வட்டிக்குக் கடன் வாங்கி இறங்குகிறவர்கள் இந்தப் பதிலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய பொறி, பணி ஆணை வருவதற்கு முன்பே ஜேசிபியை இறக்குவது. கோடையில் மண் காய்ந்திருக்கும்போதே வெட்டிவிடலாம் என்று தோன்றும். வெட்டினால் அது ‘ஏற்கெனவே உள்ள குளம்’ ஆகிவிடும், புதிய குளத்துக்கான மானியம் போச்சு. வெட்டிய மண்ணை லாரியில் ஏற்றி விற்கவும் நினைக்காதீர்கள். அதற்குக் கனிமவளத் துறை அனுமதி தனி. மண்ணைக் கரையிலேயே போடுங்கள், கரையும் உயரும்.

பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்தாலோ, இறந்துபோன அப்பா பெயரில் இருந்தாலோ மனுவைக் கொடுக்கும் முன் சரி செய்யுங்கள். கொடுத்த பிறகு அது வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மீன்வளத் துறைக்கும் நடுவில் அலையும். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில், அதாவது நிலத்தின் சாகுபடிப் பதிவில், கையெழுத்துப் போட ‘மீன்துறை கடிதம் கொண்டு வாங்க’ என்பார். மீன்துறையில் ‘அடங்கல் இல்லாமல் மனு வாங்க முடியாது’ என்பார்கள். இந்தச் சுற்றில் மாட்டினால் யாரோடும் சண்டை போட வேண்டாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் இரண்டு வரியில் மனு எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பங்களை மூப்பு வரிசையில் எடுப்பதாகத்தான் அறிவிப்பில் போடுகிறார்கள். அதனால் தேதி முத்திரை இல்லாமல் எந்தக் காகிதத்தையும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

எந்த மீன் வளர்க்கலாம் என்று வாய்மொழியாகக் கேட்டு வருவதில் பயனில்லை. ‘அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லை’ என்று சொன்னவர் மாறுதலாகிப் போயிருப்பார். மாவட்ட மீன்வள உதவி இயக்குநருக்கு மீனின் பெயரையும் சர்வே எண்ணையும் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, உங்கள் மாவட்டத்தில் அனுமதிக்கப்பட்ட மீன் இனங்களின் பட்டியலையும் அங்கீகரித்த பொரிப்பகங்களின் பட்டியலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இதைப் படிக்கும்போதே உங்கள் குட்டையில் ஆப்பிரிக்கக் கெளுத்தி இருக்கிறது என்றால், சோதனை வரப் போகிறது என்று கேள்விப்பட்டு ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திறந்துவிடாதீர்கள். பயத்தில் பலர் செய்வது அதைத்தான். எந்தக் கேட்டைத் தடுக்க இந்தத் தடையோ, அந்தக் கேட்டை நம் கையாலேயே செய்வதாகிவிடும். வடிகாலை அடைத்துவிட்டு மீன்துறை ஆய்வாளரிடம் நீங்களாகவே போய்ச் சொல்லுங்கள். மீன் போகும், அதைக் காப்பாற்ற வழியில்லை. ஆனால் குஞ்சு வாங்கிய ரசீது, பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, ‘அரசு அனுமதி உள்ள ரகம்’ என்று குஞ்சு விற்றவர் வாட்ஸப்பில் எழுதியது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். சொந்தப் பிழைப்புக்காக வாங்கியவரும் நுகர்வோர்தான். விற்றவர் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.