புள்ளியை அல்ல, பாய்ச்சலை எண்ணட்டும்

தரம் 1, 2 பிள்ளையின் கொப்பியில் 5 + 3 = 7 என்றும் 8 − 3 = 6 என்றும் இருந்தால், கவனமில்லாத பிள்ளை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டிலும் பிசகியது ஒரே இடத்தில்தான். எண்கோட்டில் 5இல் விரலை வைத்த பிள்ளை, அந்த 5ஐயே ‘ஒன்று’ என்று எண்ணிவிடுகிறது. 5, 6, 7. மூன்று எண்ணியாயிற்று! வன்னிப் பள்ளிக்கூடங்களில் நான் அடிக்கடி காணும் பிழை இது.

எண்ண வேண்டியது புள்ளிக்குப் புள்ளி போகும் பாய்ச்சலை. மாங்குளத்தில் பஸ் ஏறினால் முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று போகும். ஊர்ப் பெயர் நாலு, ஓடிய துண்டு மூன்று. தரம் 2 பிள்ளைக்கு இது பிடிபடும். தரம் 1க்கு வாயால் சொல்லி வேலையில்லை. முற்றத்து மணலில் தடியால் நீளக் கோடு கீறி, 0 முதல் 10 வரை எழுதி, பிள்ளையை 5இல் நிற்பாட்டிப் பாய விடுங்கள். அடுத்த புள்ளியில் கால் விழும்போதுதான் ‘ஒன்று’. கழித்தலுக்குத் திரும்பி நிற்க வேண்டாம். 10ஐப் பார்த்தபடியே பின்னுக்கு அடி வைக்கட்டும்; எண் கூடும் பக்கம் எதுவென்று குழம்பாது.

மழை நாளில் காட்போட் மட்டையில் 1 முதல் 10 வரை பெட்டி கீறி விளையாடினால் போதும். அமெரிக்காவில் ரொபர்ட் சீக்லரும் கீதா ராமணியும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை ஒரே வரிசையில் பெட்டி போட்ட பலகையில் விளையாடிய வறிய குடும்பத்து முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு எண்களின் அளவு பற்றிய விளக்கம் தெளிவாகவே கூடியது. அந்த விளையாட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. 5ஆம் பெட்டியில் நிற்பவர் இரண்டு நகர்ந்தால் ‘ஒன்று, இரண்டு’ என்று சொல்லக்கூடாது, ‘ஆறு, ஏழு’ என்றே சொல்ல வேண்டும். நாணயத்தைச் சுண்டுங்கள், தலை விழுந்தால் ஒன்று, பூ விழுந்தால் இரண்டு. காய்க்குப் புளியங்கொட்டை.

பெரிய எண் வந்ததும் வீட்டில் அவசரப்பட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் ‘கடன் வாங்கு’ என்கிறார்கள். 42 − 38க்கு அது எதற்கு? வெறுங்கோடு ஒன்று கீறி 38ஐயும் 42ஐயும் குறியுங்கள். 38இலிருந்து 40க்கு 2, அங்கிருந்து 42க்கு 2. விடை 4. இடைவெளியைக் காண்பதும் கழித்தல்தான் என்று தெரியாமலே தரம் 5 வரை போய்விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 42 − 3 என்றால் சரி, பின்னுக்குப் போவதே சுகம். எந்தப் பக்கம் போகலாம் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும், நீங்கள் ஏன் என்று மட்டும் கேளுங்கள்.