கிரீன்வாஷிங் – பசுமைப் பூச்சு

சுற்றுச்சூழலைக் காப்பதாக வெளியே விளம்பரம் செய்துவிட்டு, உள்ளே பழைய வழக்கத்தையே தொடர்வதற்குப் பெயர் கிரீன்வாஷிங். இந்தச் சொல் பிறந்ததே விடுதித் தொழிலில்தான். ஃபிஜியில் ஓர் ஓய்வு விடுதி, கடலையும் பவளப்பாறைகளையும் காக்கத் துண்டை மறுபடி பயன்படுத்தும்படி அறையில் அட்டை வைத்திருந்தது. அதே சமயம் கட்டடங்களைப் பெருக்கிக்கொண்டும் இருந்தது. அதைப் பார்த்த அமெரிக்கச் சூழல் ஆர்வலர் ஜே வெஸ்டர்வெல்ட், 1986-இல் ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்.

வைட்வாஷ், அதாவது வெள்ளையடிப்பு என்பதை ஒட்டி வந்த சொல் இது. விரிசலை அடைக்காமல் மேலே சுண்ணாம்பு அடிக்கிற வேலை. அதனால் ‘பச்சைக் கழுவல்’ என்பது பிழை. ‘பசுமைப் பூச்சு’தான் பொருந்தும். ‘பூசி மெழுகுவது’ நம் பேச்சில் இருப்பதால் கேட்டவுடன் விளங்கும்.

மண்ணடியிலோ வால்டாக்ஸ் சாலையிலோ ஒரு லாட்ஜ், துண்டை மறுபடி பயன்படுத்தச் சொல்லும் இதே அட்டையை வைக்கிறது என்று கொள்வோம். குளியலறையில் ஒரே ஒரு கொக்கி. சென்னைப் புழுக்கத்தில் மடிந்து தொங்கும் ஈரத்துண்டு காயாது, நாற்றமடிக்கும். விருந்தினர் தரையில் போட்டுவிடுவார், அது சலவைக்குப் போய்விடும். காற்றுப் படுகிற இடத்தில் நீளக் கம்பி மாட்டினால்தான் துண்டு விரிந்து காயும். கம்பியில் கிடப்பதை எடுக்கக் கூடாது என்று அறை சுத்தம் செய்பவருக்கும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவர் வழக்கம்போல அதையும் சலவைக்கு எடுத்துப் போவார்.

துண்டைவிடப் பெரிய விரயம் ஃபிளஷ் டேங்கில் நடக்கலாம். போர் தண்ணீரின் உப்பு படிந்து அடி வாஷர் சரியாக உட்காராது. சத்தமே இல்லாமல் நாள் முழுக்கக் கசியும். டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்து, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் வாஷரை மாற்ற வேண்டும். செலவு மிகக் குறைவு. இதைச் செய்யாத லாட்ஜ் துண்டு அட்டை வைப்பது பசுமைப் பூச்சேதான்.

குப்பையும் அப்படித்தான். வரவேற்பறையில் பச்சை, நீலத் தொட்டிகள். பின்வாசலில் இரண்டையும் ஒரே டிரம்மில் கொட்டினால், எல்லாம் கலந்து கொடுங்கையூர் கிடங்குக்குத்தான் போகும். அங்கே குப்பை எரிகிற புகையைச் சுவாசிப்பது வடசென்னை மக்கள். ‘பிளாஸ்டிக் பை தருவதில்லை’ என்பதும் பெருமைக்குரியதல்ல. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அது சட்டம்.

இதற்கு எதிர்ச்சொல்லாக ‘வளங்குன்றாச் சுற்றுலா’ என்பதைக் கொள்ளலாம். ஆனால் அதையும் பலகையில் எழுதினால் ஆதாரம் காட்ட வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ‘பசுமை’, ‘சூழலுக்கு உகந்தது’ போன்ற விளம்பரச் சொற்களுக்குச் சரிபார்க்கத்தக்க சான்று இருக்க வேண்டும். லாட்ஜுக்கு எளிய சான்று, மாதாமாதம் எழுதிவைக்கும் தண்ணீர் லாரிக் கணக்கும் சலவைக் கணக்கும். இரண்டையும் அந்த மாதம் ஆள் தங்கிய அறைகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஓர் அறைக்கான அளவு குறைகிறதா என்று பாருங்கள்.