வேலைக்குத் திரும்பிய தாய் பாலூட்ட நேரம் கேட்கலாமா?

ஏழு மாதக் கைக்குழந்தையின் அம்மா அவர். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டர் மூலம் வேலை. முதல் ஷிஃப்ட் என்றால் விடிகாலை 5 மணிக்கே பஸ் ஏற வேண்டும். மணிக்கட்டு வலி என்றுதான் என்னிடம் வந்தார். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அன்றாட வேலைகளை உடம்பு நோகாமல் செய்யப் பழக்குவது என் தொழில். பேசப் பேசத்தான் மற்றது தெரிந்தது. காலை 10 மணிக்கெல்லாம் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்கிறது, துணி நனைகிறது. பாத்ரூமில் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருகிறார்.

"பாலூட்ட டைம் கேட்கலாமே" என்றேன்.

"அதெல்லாம் குடுப்பாங்களா மேடம்?"

கொடுக்க வேண்டும். 1961-இன் மகப்பேறு பலன்கள் சட்டத்திலேயே இந்த உரிமை இருந்தது. பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை உண்டு. குழந்தைக்கு 15 மாதம் நிறையும் வரை இது பொருந்தும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை அப்படியே இருக்கிறது. "நான் கான்ட்ராக்ட் ஆள்தானே" என்று நிறையப் பேர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஏஜென்சி மூலம் வேலைக்கு வந்தவரையும் சேர்த்துத்தான் 1961 சட்டம் 'பெண்' என்று சொன்னது; கான்ட்ராக்டர் மூலம் வந்தவரையும் புதிய தொகுப்பு ஊழியராகவே கருதுகிறது.

1961 சட்டத்துக்கு 2017-இல் வந்த திருத்தம் முக்கியமாக மூன்று விஷயங்களைச் சேர்த்தது. முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு 26 வாரம் ஆனது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம்; அம்மா நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். இந்த வசதிகளை வேலையில் சேரும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது மூன்றாவது. விடுப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு: பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்களுக்கு விடுப்புக் காலப் பணம் இ.எஸ்.ஐ. வழியாக வரும், அதற்கான நாள் கணக்கு வேறு.

சட்டம் நேரத்தைக் கொடுத்துவிடுகிறது. அந்த நேரத்தில் பாலூட்ட முடிகிறதா என்பதை வீட்டுக்கும் கம்பெனிக்கும் உள்ள தூரம், காப்பகம், மாமியாரின் உடல்நிலை, வீட்டில் ஃப்ரிட்ஜ், சூப்பர்வைசரின் முகம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. இவற்றைத்தான் சமூகக் காரணிகள் என்கிறோம். அதனால் "பால் கொடும்மா, நல்லது" என்ற அறிவுரையோடு நான் தொடங்குவதில்லை. ஒரு தாளைக் கொடுத்து, அதிகாலை 4 மணியிலிருந்து இரவு படுக்கும் வரை மணிக்கணக்கில் எழுதச் சொல்வேன். எது முக்கியம், எதை விடலாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பெண்ணின் தாளில் காலை 4 முதல் 4.45 வரை தண்ணீர் பிடிப்பது என்று இருந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-இல் வந்தது பெரிய நிம்மதிதான். ஆனாலும் குழாய்க்குக் குடத்தோடு போவது பெண்கள்தான். அந்த முக்கால் மணி நேரத்தைக் கணவர் ஏற்றுக்கொண்டார். குழந்தை வயிறார ஒரு முறை குடித்தது, பாட்டிக்காகக் கொஞ்சம் பீய்ச்சியும் வைக்க முடிந்தது. கொதிக்க வைத்த எவர்சில்வர் டம்ளரில் மூடி வைத்த பால் சாதாரண அறையில் 4 மணி நேரம் தாங்கும். பாட்டி அதைப் பாலாடையில் புகட்டுகிறார். அதற்குப் பிறகு பருப்புசாதம். ஏழு மாதக் குழந்தைக்கு அது சரியான உணவுதான்.

மணிக்கட்டு வலிக்குக் காரணம், கட்டைவிரலை விரித்துப் பிடித்துக் குழந்தையின் தலையைத் தாங்கியது. மடியில் தலையணை வைத்து முழங்கையின் மடிப்பில் தலையைச் சாய்க்கப் பழகினார். வலி குறைய இரண்டு வாரம் ஆனது.

மாந்தோப்பிலும் பெங்களூரு கட்டட வேலையிலும் இருக்கும் பெண்களை இந்தச் சட்டம் எட்டுவதே இல்லை. எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு. அவர்களுக்கு இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள, 19 வயது நிறைந்த தாய்க்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு ரூ.18,000, இதில் ரூ.14,000 தவணைகளாகப் பணம், ரூ.4,000 மதிப்பில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். கர்ப்பம் தெரிந்ததும், 12 வாரத்துக்குள், கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்க வேண்டும். பென்னாகரம், அரூர் பக்கமிருந்து வேலைக்கு வெளியூர் போகிறவர்கள் நழுவ விடுவது இங்கேதான். ஊருக்கு ஒரு போன் போட்டு நர்ஸம்மாவிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வங்கிக் கணக்கு தாயின் பெயரிலேயே இருக்கட்டும். பிரசவமான பின் 6 மாதம் வரை அங்கன்வாடியில் இலவச உணவு பெறுவது 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. யாரும் சலுகையாகக் கொடுப்பதில்லை.

குழந்தைக்கே உறிஞ்ச வரவில்லை, பிளவு உதடு, தசை தளர்வு என்றால், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போகலாம். அரசுக் குழந்தை மருத்துவரிடம் சீட்டுக் கேளுங்கள். பொதுவான சந்தேகங்களுக்கு அரசு சுகாதார உதவி எண் 104.

இடைவேளை கேட்பதை வாய்மொழியாக விடாதீர்கள். அந்தப் பெண் எழுதியது நான்கே வரி: குழந்தை பிறந்த தேதி, 15 மாதம் முடியும் தேதி, தனக்கு வேண்டிய இரண்டு நேரங்கள், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் முதுகு சாயும் நாற்காலியும். ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டார். மறுத்தால் அந்த நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தேன். பத்து நாள் கழித்துப் பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்து கொடுத்தார்கள். இப்போது அங்கே இன்னும் இரண்டு அம்மாக்கள் வருகிறார்களாம்.